கசப்புப் பிரதி

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நறுமுகை அதைச் சொன்னாள். கூட்டில் உப்பு ஒரு கல் குறைகிறது என்று சொல்வதுபோல, வெகு சாதாரணமாக.

“படத்துல சோமு பாத்ரூம்ல விழுந்து கெடக்குறப்ப குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும்ல, அந்த ஷாட் நல்லா இருந்துச்சும்மா. மியூசிக்கே இல்லாம அழ வச்சுட்டே.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சுகந்தியின் கை நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த ஞானசேகர் அப்பளத்தை நொறுக்கியபடி, “எனக்கென்னவோ சோமு போனதுக்கப்புறம் படம் இழுவையாத்தான் தெரிஞ்சுது” என்றார். மகள் சிரித்தாள். “உங்களுக்கு எல்லாப் படமும் இழுவைதான்ப்பா.”

இரண்டு பேரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று அந்த மேசையில் சுகந்திக்கு மட்டும் தெரியும். அந்தப் படத்தை எடிட் செய்தவள் அவள்தான்.

போதைக் காட்சி உள்ள படங்களை இரண்டு பிரதிகளாக வெட்ட வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொடூரமாகக் காட்டினால் படம் ஓடாது என்றார்கள் தயாரிப்பாளர்கள். அழகாகக் காட்டினால் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆசை கிளறும் என்றார்கள் டாக்டர்கள். கடைசியில் ஒரு நடுவழி கிடைத்தது. தியேட்டரில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும், காதோரம் ஒலியும் தரும் கண்ணாடி, பார்ப்பவரின் கண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நடிகர் மாத்திரையைக் கையில் எடுக்கும் நொடியில், இந்த ஆளுக்கு அது பழக்கமா இல்லையா என்று கண்டுபிடித்துவிடும். பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு காட்சி. பழகியவர்களுக்கு வேறு காட்சி. எந்தப் படத்தில் எந்தக் காட்சி மாறுகிறது என்பதை வெளியே சொல்லக்கூடாது. எடிட்டிங் அறையில் முதலாவதற்கு இனிப்பு, இரண்டாவதற்குக் கசப்பு என்று பெயர்.

இனிப்பில், கதாநாயகனின் நண்பன் சோமு மாடியில் நண்பர்களோடு மாத்திரை போட்டுக்கொள்கிறான், கலர் விளக்குகள் சுழல்கின்றன, பாட்டு வருகிறது, அடுத்த காட்சியில் அவன் பெட்டியோடு துபாய்க்கு விமானம் ஏறுகிறான். கசப்பில் அவன் குளியலறைத் தரையில் நுரை தள்ளிச் சாகிறான். அதற்குப் பிறகு வரும் வசனங்கள் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். “சோமு போயிட்டான்டா” என்று கதாநாயகன் ஓரிடத்தில் சொல்வான். ஊருக்குப் போனவனுக்கும் அதே சொல், செத்துப்போனவனுக்கும் அதே சொல். அந்த ஒட்டு தெரியாமல் வெட்டியதில் சுகந்திக்கு ரொம்பப் பெருமை.

சொட்டும் குழாய் கசப்பில் மட்டும்தான் இருந்தது.

திருச்சியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும் பெண். ஹாஸ்டல் தோழிகளோடு போய்ப் படம் பார்த்துவிட்டு, விடுமுறைக்குச் சென்னை வந்திருக்கிறாள். சுகந்தி மகளின் கைகளைப் பார்த்தாள். முழங்கை மடிப்பைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். “என்னம்மா அப்படிப் பாக்குறே?” என்றாள் நறுமுகை. “இளைச்சுட்டியே” என்று சமாளித்தாள்.

அன்று சாயங்காலம் மகள் குளிக்கப் போன நேரத்தில் சுகந்தி அவளுடைய பையைத் திறந்தாள். துணிகள், சார்ஜர், ஒரு ஹேர் ஆயில் பாட்டில். உள் ஜிப்பில் கைக்குட்டையில் சுற்றி ஒரு மாத்திரை அட்டை. பெயர் இருக்க வேண்டிய இடம் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. பாதி மாத்திரைகள் இல்லை.

அவள் அதை இருந்தபடியே சுற்றி வைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், பொய்யைக் கேட்டுவிட்டால் பிறகு எதையும் நம்ப முடியாது என்று பயந்தாள். மறுநாள் மறுபடி பார்த்தபோது கைக்குட்டை மட்டும் இருந்தது. அட்டையைக் காணவில்லை.

அதன்பின் வீட்டில் அவள் செய்ததெல்லாம் காவல்தான். மகள் சிரித்தால் ஏன் இவ்வளவு சிரிக்கிறாள் என்று தோன்றியது. தூங்கினால் ஏன் இவ்வளவு தூங்குகிறாள் என்று தோன்றியது. போனில் தணிந்த குரலில் பேசினால் கதவுக்குப் பின்னால் நின்றாள். “சாப்பிட்டியா? உண்மையா? கதவைத் திறந்து வச்சுட்டுத் தூங்கு” என்பது மட்டும் ஒருநாள் காதில் விழுந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஞானசேகரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “நம்ம முகையா? உன் கண்ணாடிக்குத்தான் பைத்தியம்” என்றார். ஆனால் அன்றிலிருந்து அவரும் மகள் வெளியே கிளம்பினால், “எங்கே, யாரோட?” என்று கேட்கத் தொடங்கினார்.

நறுமுகை திருச்சிக்குத் திரும்பிய வாரத்தில் விஷயம் வெடித்தது. எங்கோ ஒரு கணவனும் மனைவியும் படம் பார்த்துவிட்டு, சோமு செத்தானா துபாய் போனானா என்று சண்டை போட்டதை யாரோ வீடியோவாகப் போட்டார்கள். இரண்டே நாளில் ஊர் முழுக்க ஒரே கேள்வி: “உன் சோமு எங்கே போனான்?” டீக்கடையில் கேட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரிடம் பெற்றோர்கள் கூடிக் கேட்டு, அவர் திருதிருவென விழித்ததற்காகவே வேலையை விட்டு நிறுத்தினார்கள். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் துபாய் என்றார்கள். விவரம் தெரிவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

நறுமுகை படம் பார்த்த அன்றே ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தக் குழாயைப் பற்றிப் பேசியிருந்தாள்.

வார்டன் உமாதேவி போனில் கூப்பிட்டாள். “மேடம், மத்த பேரன்ட்ஸ் எல்லாம் பயப்படுறாங்க. கொஞ்ச நாள் வீட்ல வச்சிருங்க.”

“ரத்தப் பரிசோதனை எடுத்து அனுப்பறேன்.”

“எடுங்க மேடம். ஆனா டெஸ்ட்ல சிக்காத சரக்கெல்லாம் இப்ப வந்துருச்சுன்னு சொல்றாங்க.”

மகளை வீட்டுக்கு அழைத்து வந்து எடுத்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சுகந்தி நிம்மதியடைய முயன்றாள், முடியவில்லை. வார்டன் சொன்னது மூளையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மகள் தன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். “நீயும் அப்படித்தான் நினைக்கிறியாம்மா?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். சுகந்தி பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரமே பதிலாகிவிட்டது.

அடுத்த நாள் அவள் தரமணிக்குப் போனாள். கண்ணாடி செய்யும் நிறுவனத்தில் ரிஸ்வான் என்ற இன்ஜினியர் படத்தின் இரண்டு பிரதிகளையும் கண்ணாடியோடு இணைக்கும்போது அவளுடன் வேலை பார்த்தவன். அவளைப் பார்த்ததும் அலுவலகத்துக்குள் பேச வேண்டாம் என்று வெளியே டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு வந்தான்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கண்ணாடி என்னத்தைப் பாக்குது?”

“கண்ணு எங்கே போகுதுன்னு பாக்குதுக்கா. சோமு மாத்திரையை எடுக்குறப்ப சாதாரண ஆளுங்க எல்லாரும் மாத்திரையைத்தான் பாப்பாங்க. மறுவாழ்வு மையத்துல இருந்தவங்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அவங்க மாத்திரையைப் பாக்கல. அவன் முகத்தைப் பாத்தாங்க. நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்தாங்க. பாத்ரூம் தாழ்ப்பாளைப் பாத்தாங்க. அதையே கண்ணாடிக்குக் கத்துக் குடுத்தோம்.”

“அப்ப அந்த மையத்துல வேலை செய்ற நர்ஸ்?”

ரிஸ்வான் தேநீர்க் கோப்பையைச் சுழற்றினான். “அவங்களுக்கும் கசப்புதான் வரும்.”

“பெத்தவங்க? கூடப் பொறந்தவங்க?”

“வரும்க்கா. பழகினவனுக்கும் பக்கத்துல இருந்து பாத்தவனுக்கும் கண்ணு ஒரே மாதிரிதான் போகுது. ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்தேன். தப்பா ஒருத்தன் பயந்தா என்ன நஷ்டம்னு கேட்டாங்க. யாருக்கு எது வந்துச்சுன்னு வெளிய தெரியாதில்லைன்னாங்க.”

“உண்மையிலேயே போடுறவங்க?”

“முத்திப்போனவங்க மாட்டுவாங்க. மறைக்கத் தெரிஞ்சவங்க அந்த சீன்ல போனை எடுத்துப் பாத்துக்குவாங்க, கண்ணை மூடிக்குவாங்க. கண்ணாடிக்கு ஒண்ணும் கெடைக்காது. ஒண்ணும் கெடைக்கலைன்னா இனிப்புதான்.” அவன் அக்கம்பக்கம் பார்த்தான். “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எனக்கும் பொழப்பு இருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். இத்தனை நாள் கேட்க நினைத்த கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

“முகை, நீ யாரைப் பாத்துக்கிட்டு இருந்தே?”

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

தர்ஷிகா. அறைத்தோழி. சிவகாசிப் பெண், காலண்டர் அச்சடிக்கும் அச்சகக்காரரின் மகள், வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருபவள். போன வருடம் விழுந்து முதுகில் அடிபட்டபோது கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்தது.

“உன் படத்துல வர்ற மாதிரியெல்லாம் இல்லம்மா. கத்த மாட்டா, எதையும் உடைக்க மாட்டா. குளிச்சு, பொட்டு வச்சு, ஃபர்ஸ்ட் பெஞ்ச்ல உக்காருவா. அசைன்மென்ட்ல எனக்கே அவதான் ஹெல்ப் பண்ணுவா. சில நாள் மட்டும் மூச்சு ரொம்ப மெதுவா வரும். நான் எழுப்பிக்கிட்டே இருப்பேன். பாத்ரூம் போனா கதவைத் தட்டிக்கிட்டே இருப்பேன்.”

“அந்த மாத்திரை அட்டை?”

“அவகிட்டேருந்து பிடுங்கினது. ஹாஸ்டல்ல போட முடியல, குப்பைத்தொட்டியெல்லாம் பாப்பாங்க. இங்க கொண்டாந்து கரைச்சுக் கொட்டினேன். நீ பையைத் திறந்தது எனக்குத் தெரியும்மா.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா அவங்கப்பா படிப்பை நிறுத்திடுவார்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. விட்டுடுறேன், விட்டுடுறேன்னு ஒவ்வொரு தடவையும் சத்தியம் பண்ணுவா.” நறுமுகை எழுந்து உட்கார்ந்தாள். “நான் இங்க இருக்கேன். இப்ப கதவை யாரும்மா தட்டுவா?”

சுகந்தி தர்ஷிகாவுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள். தெளிவான, கலகலப்பான குரல். “நல்லா இருக்கேன் ஆன்ட்டி! படம் சூப்பர் ஆன்ட்டி! முகை எப்படி இருக்கா? பாவம் ஆன்ட்டி அவ.” போனை வைத்த சுகந்திக்கு மீண்டும் சந்தேகம் வந்தது. இந்தக் குரலிலா? அம்மாவின் முகத்தைப் பார்த்தே நறுமுகை அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “அவ இப்படிப் பேசுனாத்தாம்மா பயம்” என்றாள்.

காலை ரயிலில் இருவரும் திருச்சிக்குப் போனார்கள். ஹாஸ்டல் வாசலில் உமாதேவி மறித்தாள். “நறுமுகை உள்ள வரக்கூடாது மேடம். ஏதாவது எடுக்க வந்திருந்தா நீங்க மட்டும் போய் எடுத்துக்குங்க.” ‘ஏதாவது’ என்ற சொல்லை அவள் அழுத்திய விதம் வாட்ச்மேனுக்கே புரிந்தது. மகளை வெளியே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, வார்டன் பின்னாலேயே வர, சுகந்தி மாடியேறினாள்.

தட்டியவுடன் கதவு திறந்தது. தலை வாரி, நெற்றியில் பொட்டோடு, இஸ்திரி போட்ட சுடிதாரில் தர்ஷிகா. மேசையில் திறந்த புத்தகம். அறை பளிச்சென்றிருந்தது. “வாங்க ஆன்ட்டி, உக்காருங்க.”

சுகந்தி நேராகவே கேட்டாள். “தர்ஷிகா, முகை எல்லாத்தையும் சொல்லிட்டா. உன்னைத் திட்ட வரலம்மா. டாக்டர்கிட்ட போலாம்.”

அந்தப் பெண்ணின் முகத்தில் அதிர்ச்சி வரவில்லை. வருத்தம் வந்தது. அவள் வார்டனையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

“அவ இப்படிச் சொல்வான்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. நான் அவளைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இத்தனை நாள் வாயைத் திறக்கல. அவ பையில மாத்திரை இருந்துச்சா இல்லையா, நீங்களே சொல்லுங்க. நானும் அதே படத்தை அவ பக்கத்துல உக்காந்துதான் பாத்தேன். எனக்கு சோமு துபாய்தான் போனான்.”

உமாதேவி ‘பார்த்தீர்களா’ என்பதுபோலத் தலையாட்டினாள்.

சுகந்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையில் மாத்திரை இருந்தது உண்மை. போதைக்கு அடிமையான பெண்கள் பழியை அடுத்தவள் மேல் போடுவார்கள் என்பதும் உண்மை. ரிஸ்வான் சொன்னதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. இந்த இரண்டு பெண்களில் ஒருத்தி பொய் சொல்கிறாள். யார் என்று தெரிந்துகொள்ள அவளிடம் எதுவும் இல்லை. வாசலில் மரத்தடியில் நிற்கிற மகளை ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் இந்த ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தாள்.

“சரிம்மா. நீ படி. நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்.”

“எதுக்கு ஆன்ட்டி?”

“சும்மாதான். வெயில் தாழட்டும்.”

உமாதேவி முணுமுணுத்துவிட்டுக் கீழே போனாள். தர்ஷிகா புத்தகத்தைப் புரட்டினாள். பாத்ரூம் போக எழுந்தபோது சுகந்தியும் எழுந்து, “கதவைச் சாத்திக்கம்மா, தாழ் போடாதே” என்றாள். அந்தப் பெண் போகாமலேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். மதியம் நகர்ந்தது. பக்கங்கள் திரும்புவது நின்றது.

பிறகு தர்ஷிகா கொட்டாவி விட்டாள். உடனே இன்னொன்று. கண்ணில் நீர் வழிய, தாடை வலிக்கிற அளவுக்கு அடுத்தடுத்துக் கொட்டாவிகள். மூக்கு ஒழுகியது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். அந்தப் பங்குனி வெயிலில், மின்விசிறிக்கு அடியில், அவள் கைகளில் மயிர் சிலிர்த்துப் புள்ளி புள்ளியாக எழுந்தது. பார்த்தால் சளி பிடித்த பெண் மாதிரிதான் இருந்தாள். வேளைக்கு மாத்திரை கிடைக்காத உடம்பு இப்படித்தான் தவிக்கும் என்று எந்தப் படத்திலும் யாரும் காட்டியதில்லை. யாராவது எடுத்திருந்தாலும், இழுக்கிறது என்று சுகந்தியே வெட்டி எறிந்திருப்பாள்.

“குளிருதாம்மா?”

“இல்ல.” பற்கள் தந்தியடித்தன. “நீங்க போங்க ஆன்ட்டி. ப்ளீஸ், போங்க.”

சுகந்தி கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். அந்தப் பெண் அதை உதறவில்லை. நெடுநேரம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு, “முகை கீழதான் நிக்கிறாளா?” என்று கேட்டாள்.

ஜன்னலிலிருந்து சுகந்தி கையசைத்ததும் நறுமுகை ஓடி வந்தாள். வார்டன் தடுத்ததும் கத்தியதும் அவள் காதில் ஏறவில்லை. அறைக்குள் வந்து ஒன்றும் பேசாமல் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உள்ளங்கையைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். தர்ஷிகா “ஸாரிடி” என்றாள். “பேசாத. தண்ணி குடி” என்றாள் நறுமுகை. அந்தக் கைகள் எத்தனை முறை இதைச் செய்திருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் வார்டன் தகவல் சொல்லி, சாயங்காலம் காரில் வந்து இறங்கிய தர்ஷிகாவின் அப்பா தங்கப்பாண்டி எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

“எம் பொண்ணா? அவளும்தான் அந்தப் படத்தைப் பாத்தா. நானே போன்ல கேட்டேன், சோமு துபாய்தான் போனான்னு சொன்னா. உங்க பொண்ணுக்குத்தான் வேற மாதிரி வந்துச்சுன்னு வார்டனே சொல்றாங்க.”

“சார், அந்தப் படத்தை வெட்டினவளே நான்தான். அந்தக் கண்ணாடி தப்பாச் சொல்லுது. உங்க பொண்ணுக்கு வைத்தியம் பாக்கணும், சென்னையில நல்ல ஆஸ்பத்திரி இருக்கு.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “உங்க பொண்ணு பேரைக் காப்பாத்திக்க எம் பொண்ணு தலையில கட்டுறீங்க. எவ்வளவு தைரியம் உங்களுக்கு? அவளுக்குக் காய்ச்சல். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அவங்கம்மா கசாயம் வச்சுக் குடுத்தா சரியாயிரும்.”

தர்ஷிகா போர்வையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கார் நகரும்போது நறுமுகை கூடவே நடந்து ஜன்னலைத் தட்டினாள். “அங்கிள், அவளைக் கதவைத் தாழ் போட விடாதீங்க. தயவுசெஞ்சு கேளுங்க அங்கிள்.” கண்ணாடி ஏறிக்கொண்டது.

சென்னை திரும்பிய சுகந்தி இயக்குநரிடம் பேசினாள். “படம் நல்லா ஓடிக்கிட்டிருக்கு, இப்பப் போய் கண்ணாடி சரியில்லைன்னு கிளப்பினா என்ன ஆகும்?” என்றார் அவர். வேறு இரண்டு மூன்று பேரிடமும் பேசினாள். மகளுக்காகப் பேசுகிறாள் என்று அவர்கள் முகம் சொல்லியது. கல்லூரி நறுமுகையைத் திரும்ப வகுப்பில் சேர்த்துக்கொண்டது, ஹாஸ்டலில் சேர்க்கவில்லை. பரீட்சைக்குப் படிக்க அவள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள் பிற்பகலில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“மேடம், தங்கப்பாண்டி பேசுறேன்.”

குரலில் பழைய கனம் இல்லை. சுகந்தி ஸ்பீக்கரைப் போட்டாள். நறுமுகை பேனாவை வைத்தாள்.

“அந்த ஆஸ்பத்திரி பேரைச் சொல்லுங்க மேடம்.” பிறகு அவராகவே சொன்னார். “நேத்து கதவை உடைச்சுத்தான் வெளிய எடுத்தோம். இங்க டாக்டர் ஒருத்தர் பொழைக்க வச்சாரு. என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு மேடம். எனக்குத் தெரியல.”

சுகந்தி பெயரைச் சொன்னாள், டாக்டரின் எண்ணைச் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார். போனை வைக்கவில்லை.

“இன்னொண்ணு மேடம். கேக்கவே வாய் கூசுது. காலேஜ்ல, எங்க ஊர்ல, எல்லாரும் அது உங்க பொண்ணுதான்னு நெனைச்சுக்கிட்டிருக்காங்க. எம் பொண்ணு பேரு இதுவரைக்கும் வெளிய வரல. நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்கணும். அது அப்படியே... அப்படியே இருந்துட்டுப் போகட்டுமா?”

சுகந்திக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாயெடுப்பதற்குள் நறுமுகை போனை வாங்கிக்கொண்டாள்.

“இருக்கட்டும் அங்கிள். யாரு என்ன நெனைச்சாலும் நெனைச்சுக்கட்டும். நீங்க நாளைக்கு, நாளான்னைக்குன்னு தள்ளிப்போடாதீங்க. இப்பவே வண்டியை எடுங்க. அவ பின்சீட்ல தூங்கினா விடாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வாங்க.”

மறுமுனையில் அவர் அழுதார். பிறகு யாரையோ அழைத்தார். கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. நறுமுகை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.